பி.எட். இல்லை, ஆங்கிலம் வரும்: எந்த நாட்டுக்குப் போகலாம்?

கேள்வி இதுதான்: வயது 24, பி.காம். முடித்தாயிற்று, ஊரில் ஒரு ஸ்போக்கன் இங்கிலீஷ் மையத்தில் ஓராண்டு வேலை பார்த்த அனுபவம் உண்டு, பி.எட். கிடையாது. வெளிநாட்டில் ஆங்கிலம் கற்பிக்கப் போகலாம் என்று ஆசை. தாய்லாந்து, வியட்நாம், கம்போடியா, ஜப்பான், துபாய் என்று ஆளுக்கு ஒன்று சொல்கிறார்கள். எதைப் பிடிப்பது?

நான் தாய்லாந்தின் வடகிழக்குப் பக்கம் ஐந்து ஆண்டுகள் பள்ளியில் ஆங்கிலம் நடத்தியவன். போகும்போது என் கையிலும் ஒரு பி.எஸ்சி. பட்டம்தான் இருந்தது, அதுவும் இயற்பியலில். அதனால் தெரிந்ததைச் சொல்கிறேன். "எந்த நாடு நல்ல நாடு" என்று தொடங்கினால் ஆறு மாதம் யூடியூப் பார்த்தே போய்விடும். "என் பாஸ்போர்ட்டையும் என் சான்றிதழையும் வைத்து எந்த நாடு சட்டப்படி வேலை அனுமதி தரும்" என்று தொடங்குங்கள். பட்டியல் தானாகவே மூன்று நாலாகச் சுருங்கிவிடும்.

கசப்பான விஷயத்தை முதலிலேயே முடித்துவிடலாம். விளம்பரத்தில் "நேட்டிவ் ஸ்பீக்கர்" என்று போட்டிருந்தால் அது உங்கள் நாக்கைப் பற்றிய பேச்சு இல்லை, பாஸ்போர்ட்டைப் பற்றிய பேச்சு. தென் கொரியாவில் ஆங்கில ஆசிரியருக்கான இ-2 விசா அமெரிக்கா, பிரிட்டன், கனடா, அயர்லாந்து, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, தென்னாப்பிரிக்கா என்ற ஏழு நாட்டுக்காரர்களுக்கானது. 2010இல் நடைமுறைக்கு வந்த இந்திய–கொரிய வர்த்தக ஒப்பந்தத்தில் இந்தியர்களுக்கு உதவி ஆசிரியராக ஒரு சின்ன வழி வைத்திருக்கிறார்கள், ஆனால் அதற்கு ஆசிரியர் தகுதிச் சான்று வேண்டும். சீனாவும் ஏறக்குறைய அதே நாட்டுப் பட்டியலைத்தான் பார்க்கிறது. மற்றவர்களிடம் கல்வியியல் பட்டமோ ஆசிரியர் உரிமமோ கேட்கும். போதாக்குறைக்கு 2021 ஜூலையில் தனியார் டியூஷன் மையங்களின் கழுத்தை அரசாங்கமே நெரித்தது, நிறைய மையங்கள் மூடிவிட்டன. இந்த இரண்டையும் உங்கள் பட்டியலிலிருந்து இன்றே அடித்துவிடுங்கள்.

வளைகுடாவையும் இப்போதைக்கு அடித்துவிடலாம். அங்கே பள்ளிக்கூட வேலை என்றால் பி.எட்.டும் அனுபவமும் கேட்பார்கள். மாலத்தீவும் அப்படித்தான். கேரளத்திலிருந்தும் தமிழ்நாட்டிலிருந்தும் காலங்காலமாக ஆசிரியர்கள் போய்வரும் இடம் அது. ஆங்கில வழிப் பள்ளிகள், பக்கத்து நாடு, எல்லாம் சரி, பி.எட். முடித்தபின் யோசிக்க வேண்டிய இடம். எங்கள் தாத்தா காலத்தில் பட்டமும் துணிச்சலும் இருந்தால் எத்தியோப்பியாவிலும் நைஜீரியாவிலும் வாத்தியார் வேலை கிடைத்தது என்பார்கள். அந்தக் காலம் முடிந்துவிட்டது.

ஜப்பானை மட்டும் அவசரப்பட்டு அடிக்காதீர்கள். ஒரு கேள்விக்குப் பதில் சொல்லுங்கள்: எல்.கே.ஜி. முதல் பிளஸ் டூ வரை ஆங்கில வழியிலா படித்தீர்கள்? ஜப்பான் பள்ளிகளில் உதவி ஆசிரியராகப் போவதற்கான விசாவுக்குப் பட்டத்தோடு, கற்பிக்கும் மொழியிலேயே 12 ஆண்டுகள் படித்திருக்க வேண்டும் என்று விதி. பாஸ்போர்ட்டின் நிறத்தை அந்த விதி பார்ப்பதில்லை. நம்மூர் மெட்ரிக் பள்ளியில் படித்தவருக்கு இது பெரிய வரம். பள்ளிக்கே போய் "மீடியம் ஆஃப் இன்ஸ்ட்ரக்‌ஷன்: இங்கிலீஷ்" என்று தலைமையாசிரியரிடம் கடிதம் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். ஆள் அனுப்பும் நிறுவனங்கள் மூலம்தான் பெரும்பாலும் வேலை. சம்பளம் மாதம் 2 இலட்சம் யென்னைச் சுற்றி இருக்கும். கேட்க நன்றாக இருக்கும், ஆனால் வாடகையும் காப்பீடும் வரியும் போக அங்கே சிக்கனமாகத்தான் வாழ வேண்டும். கல்வியாண்டு ஏப்ரலில் தொடங்குகிறது, ஆள் எடுப்பது முந்தைய ஆண்டே தொடங்கிவிடும். நான் பத்தாவது வரை தமிழ் வழி. அதனால் எனக்கு அந்தக் கதவு திறக்கவில்லை. ஆங்கில வழியில் படித்திருந்தால் முதலில் அங்கேதான் தட்டியிருப்பேன்.

சரி, தாய்லாந்துக்கு வருவோம். உங்கள் தகுதிக்கு முதல் வேலை பெரும்பாலும் இங்கேதான் அமையும்.

தாய்லாந்தில் பள்ளி ஆசிரியருக்கு உரிமம் கொடுக்கும் அமைப்பின் பெயர் குருசபா. ஆமாம், நம் குருவும் சபையும்தான். ஆசிரியரைக் "க்ரூ" என்று கூப்பிடுவார்கள், பல்கலைக்கழகப் பேராசிரியர் "அஜார்ன்", அதாவது ஆசாரியர். அங்கே வெளிநாட்டு ஆசிரியர்கள் வேலை தேடும் பிரபலமான தளத்தின் பெயரே அஜார்ன் டாட் காம். உரிமம் இல்லாதவருக்குக் குருசபா இரண்டு ஆண்டுக்கு ஒரு தற்காலிக அனுமதி கொடுக்கும். அதைத்தான் எல்லோரும் "வேய்வர்" என்பார்கள். அதற்கு ஏதாவது ஒரு பாடத்தில் இளநிலைப் பட்டம் இருந்தால் போதும், உங்கள் பி.காம். செல்லும். நேட்டிவ் பாஸ்போர்ட் இல்லாதவர்களிடம் டோயிக் என்ற ஆங்கிலத் திறன் தேர்வில் 600 மதிப்பெண் கேட்பார்கள். மொத்தம் 990. ஒழுங்காக ஆங்கிலம் வரும் ஒருவருக்கு அது மலையில்லை, ஆனால் கேட்டல் பகுதியில் அசட்டையாக இருந்தால் சறுக்கும்.

சம்பளம் விஷயத்தில் மனதைத் திடப்படுத்திக்கொள்ளுங்கள். ஒரே பள்ளியில், ஒரே வகுப்புக்கு, மான்செஸ்டர்காரருக்கு 35,000 பாத் கொடுப்பார்கள், பிலிப்பைன்ஸ்காரருக்கும் நமக்கும் 18,000 முதல் 25,000 வரை கொடுப்பார்கள். பக்கத்து மேசையில் உட்கார்ந்துகொண்டு, அவருக்குப் பாடத்திட்டமும் எழுதிக் கொடுத்துவிட்டு, இதைத் தெரிந்துகொள்வது வயிற்றெரிச்சல்தான். விண்ணப்பத்தில் புகைப்படம் கட்டாயம் கேட்பார்கள். ஏன் கேட்கிறார்கள் என்று விளக்க வேண்டியதில்லை. முப்பது இடத்துக்கு அனுப்பி மூன்று இடத்திலிருந்து பதில் வந்தால் உங்கள் ஆங்கிலத்தைச் சந்தேகப்படாதீர்கள். எனக்கு நாற்பதுக்கு இரண்டு.

நான் பார்த்த கணக்கைச் சொல்கிறேன். மாதம் 20,000 பாத். மாகாண நகரத்தில் ஓர் அறை, கட்டில், குளியலறையோடு 4,000. மின்சாரம், தண்ணீர், இணையம் 1,500. பழைய ஸ்கூட்டி வாடகையும் பெட்ரோலும் 2,500. சாப்பாட்டுக்கு 6,000, மதியம் பள்ளி கேன்டீனிலேயே மலிவாக முடிந்துவிடும், ஆனால் சைவமாக இருந்தால் சிரமம், மீன் சாறு படாத குழம்பு அங்கே அபூர்வம். சமூகப் பாதுகாப்புப் பிடித்தம், போன், சில்லறைச் செலவு போக 4,000 பாத் நிற்கும். ரூபாயில் பத்தாயிரத்தை ஒட்டி. இதையே பாங்காக்கில் செய்தால் வாடகையே அந்த மிச்சத்தை விழுங்கிவிடும். அதனால்தான் சொல்கிறேன், நாட்டைத் தேர்ந்தெடுப்பதைவிட ஊரைத் தேர்ந்தெடுப்பது முக்கியம். கோன் கேன், உபோன், ரோய் எட் மாதிரி இடங்களில் வெள்ளைக்கார ஆசிரியர்கள் அதிகம் வந்து தங்குவதில்லை. பள்ளிகளுக்கு ஆள் தேவை, நம் விண்ணப்பத்தைத் திறந்தாவது பார்ப்பார்கள். கடற்கரை ஊர்களில் அந்த வாய்ப்பு குறைவு.

எனக்கு நேர்ந்த ஒரு கூத்தையும் சொல்லிவிடுகிறேன். முதல் வேலை ஓர் ஏஜென்சி மூலம். பெயர் வேண்டாம். "சுற்றுலா விசாவில் வந்துவிடுங்கள், காகிதம் பின்னாலேயே வரும்" என்றார்கள். போனேன். இரண்டு மாதம் வகுப்பு எடுத்தேன், காகிதம் வரவில்லை. மூன்றாம் மாதம் ஒரு வெள்ளிக்கிழமை மாலை ஒரு பிளாஸ்டிக் கோப்பைக் கையில் கொடுத்து, முக்தஹான் வழியாகப் பாலத்தைக் கடந்து லாவோஸில் சவன்னகேத் போ, அங்கே தாய்லாந்துத் தூதரக அலுவலகத்தில் 'நான்-பி' என்கிற வேலைக்கான விசா வாங்கி வா என்றார்கள். அங்கே போய் வரிசையில் நின்று கோப்பைத் திறந்தால் பள்ளியின் கடிதத்தில் என் பெயருக்குப் பதில் வேறொருவர் பெயர். மூன்று நாள் சவன்னகேத்தில் மீகாங் ஆற்றைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன், புதுக் கடிதம் பேருந்தில் வரும்வரை. அந்தச் செலவு என் கையை விட்டுத்தான் போனது. சுற்றுலா அனுமதியில் வேலை செய்வது குற்றம். பிடிபட்டால் பள்ளிக்கு அபராதம், நமக்கு அபராதத்தோடு நாடு கடத்தல். இந்தியர்களுக்கு விசா இல்லாமலே சுற்றுலா நுழைவு என்று 2023 நவம்பரில் திறந்துவிட்ட பிறகு "சும்மா வாங்க, பார்த்துக்கலாம்" என்று கூப்பிடுவது இன்னும் சுலபமாகிவிட்டது. சென்னையிலேயே தாய்லாந்துத் தூதரக அலுவலகம் இருக்கிறது. நான்-பி விசாவை இங்கேயே வாங்கிக்கொண்டு விமானம் ஏறுங்கள். பள்ளி அதற்கான கடிதங்களை அனுப்பத் தயங்கினால் அந்தப் பள்ளியே வேண்டாம்.

இன்னொன்று: உங்கள் விசா அந்தப் பள்ளியோடு கட்டப்பட்டது. வேலையை விட்ட நாளோடு தங்கும் அனுமதியும் முடிந்துவிடும். கோபத்தில் ராஜினாமாக் கடிதத்தைத் தூக்கிப் போட்டுவிட்டு அடுத்த வேலை தேடலாம் என்று நம்மூர் பாணியில் நினைத்தால் அடுத்த நாள் எல்லையில் நிற்க வேண்டியதுதான்.

இத்தனை புலம்பலுக்குப் பிறகும் ஏன் ஐந்து ஆண்டு இருந்தேன் என்று கேட்கலாம். ஜூன் மாதம் ஒரு வியாழக்கிழமை "வாய் க்ரூ" என்று ஒரு சடங்கு நடக்கும், ஆசிரியருக்கு வணக்கம் செலுத்தும் நாள். பிள்ளைகள் தட்டில் அலங்காரம் செய்து முழங்காலில் நகர்ந்து வந்து கொடுப்பார்கள். முதல் ஆண்டு என் தட்டில் பார்த்தேன்: அருகம்புல், இட்லிப் பூ, கத்தரிப் பூ, கொஞ்சம் நெற்பொரி. புல் மாதிரி அறிவு படர வேண்டும், கத்தரிப் பூ மாதிரி தலை குனிந்த பணிவு வேண்டும் என்று அர்த்தமாம். எங்கள் வீட்டுப் பிள்ளையாருக்கு வைக்கும் அருகம்புல்லை எனக்கு நீட்டிய பெண் பிள்ளை அந்த வாரம்தான் ஆங்கிலத் தேர்வில் இருபதுக்கு மூன்று வாங்கியிருந்தது.

வியட்நாம் அடுத்து. அங்கே பட்டத்தோடு கற்பித்தல் சான்றிதழும் கட்டாயம். நேட்டிவ் அல்லாதவர் மொழித்திறனுக்கும் உயர்நிலைச் சான்று காட்ட வேண்டும், ஐரோப்பிய அளவுகோலில் சி-1 என்கிற படிநிலை. ஐ.இ.எல்.டி.எஸ்.ஸில் 7 வாங்கினால் அந்தப் படிநிலைக்குள் வந்துவிடலாம். வேலை அனுமதி அதிகபட்சம் இரண்டு ஆண்டுக்குத் தருகிறார்கள். பெரும்பாலான வேலை மொழி மையங்களில், மாலையும் சனி ஞாயிறும். மணிக்கணக்குச் சம்பளம், தாய்லாந்துப் பள்ளியைவிடக் கூடுதலாகவே நிற்கும். ஆனால் மணி இருந்தால்தான் பணம். சந்திரப் புத்தாண்டான டெத் விடுமுறையில் ஊரே மூடிக்கிடக்கும், அந்த மாதம் உங்கள் கணக்கும் மூடிக்கிடக்கும். "மாதம் குறைந்தது இத்தனை மணி உறுதி" என்று ஒப்பந்தத்தில் எழுதி வாங்காமல் போகாதீர்கள்.

கம்போடியா? சின்ன மொழிப் பள்ளிகளில் காகிதம் பற்றிக் கறாராகக் கேட்காமல் எடுப்பார்கள் என்பது அதன் பெயர். சம்பளம் டாலரில். ஏப்ரலில் கெமர் புத்தாண்டு, பிறகு பித்ருக்களுக்கான பச்சும் பென், நவம்பரையொட்டி நீர்த் திருவிழா என்று விடுமுறைகள் அதிகம், மணிக்கூலி ஆசிரியருக்கு அத்தனையும் வருமானம் இல்லாத நாட்கள். எனக்குத் தெரிந்த ஒருவர் புனோம் பென்னில் சந்தோஷமாகத்தான் இருக்கிறார். ஆனால் முதல் முறை வெளிநாடு போகும் ஒருவருக்கு நான் அதைச் சொல்ல மாட்டேன். அதற்குக் காரணம் கீழே.

2022இல் மியான்மாரின் மியாவாடியில் மாட்டிக்கொண்ட தமிழ்நாட்டு இளைஞர்கள் மீட்டுக் கொண்டுவரப்பட்டதைச் செய்திகளில் படித்திருப்பீர்கள். தாய்லாந்தில் நல்ல வேலை என்று நம்பிப் போனவர்கள். ஐ.டி. வேலை, டேட்டா என்ட்ரி என்று கூட்டிப் போய் இணைய மோசடிக் கூடங்களில் அடைத்தார்கள். கம்போடியா, லாவோஸ் பற்றியும் நம் வெளியுறவு அமைச்சகம் திரும்பத் திரும்ப எச்சரித்திருக்கிறது. "ஆங்கிலம் நன்றாகத் தெரிந்த ஆள் தேவை" என்ற விளம்பரம் இவர்களுக்கும் வசதியான தூண்டில். எப்படிப் பிரித்துப் பார்ப்பது என்றால், உண்மையான பள்ளி உங்களை ஒரு டெமோ வகுப்பு எடுக்கச் சொல்லிப் பார்க்காமல் சேர்க்காது. விமான டிக்கெட்டை இலவசமாகக் கொடுக்காது. டெலிகிராமில் மட்டும் பேசாது. பட்டத்தைக் கேட்காமல் தட்டச்சு வேகத்தைக் கேட்டால் எழுந்து வந்துவிடுங்கள். பாங்காக்கில் இறங்கிய பின் "பள்ளி மே சோட் பக்கம்" என்று திடீரென்று மாற்றிச் சொன்னால் காரில் ஏறாதீர்கள். மியாவாடிக்கு எதிர்க்கரை அது. ஏஜென்ட் மூலம் போவதானால் அவர் அரசின் இ-மைக்ரேட் தளத்தில் பதிவானவரா என்று பார்த்துவிட்டுப் பேச்சையே தொடங்குங்கள்.

சான்றிதழ் விஷயம். ஆங்கிலம் கற்பிப்பதற்கான டெஃபல் சான்றிதழ், 120 மணி நேரப் படிப்பு, ஆன்லைனில் சில ஆயிரம் ரூபாய்க்குக் கிடைக்கும். தாளில் ஒரு வரி சேரும், அவ்வளவுதான். செல்டா என்பது கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் படிப்பு, முழுநேரமாகப் படித்தால் நாலு வாரம், அதில் ஆறு மணி நேரம் நிஜ மாணவர்களுக்கு முன்னால் நின்று நடத்த வேண்டும், பின்னால் உட்கார்ந்து ஒருவர் குறிப்பு எடுப்பார். விலை ஒரு இலட்சத்தைத் தாண்டும். வியட்நாம் என்று முடிவு செய்துவிட்டால் அதில் பணம் போடலாம். தாய்லாந்து மாகாணப் பள்ளிக்கு வேண்டாம். அந்தப் பணத்தை இரண்டு மாதச் செலவுக்காகக் கையில் வைத்திருங்கள், முதல் சம்பளம் வர நாளாகும். நீண்ட நாள் இதே தொழில் என்று தோன்றினால் எதற்கும் முன்னால் பி.எட். போடுங்கள். இரண்டு ஆண்டு வீணாகிறதே என்று இருக்கும். எனக்கும் அப்படித்தான் இருந்தது. மூன்றாவது ஆண்டில் சம்பள உயர்வு கேட்டபோது "உரிமம் இருக்கிறதா" என்ற ஒரே கேள்வியில் வாயை மூட வேண்டியிருந்தது.

பட்டத்தின் சான்றொப்பத்துக்கு இப்போதே அலையத் தொடங்குங்கள். பல்கலைக்கழகச் சரிபார்ப்பு, மாநில உயர்கல்வித் துறை, வெளியுறவு அமைச்சகம், பிறகு சில நாடுகளுக்கு அவர்கள் தூதரக முத்திரை. போலீஸ் சான்றிதழைப் பாஸ்போர்ட் சேவா மூலம் வாங்கலாம், அதைக் கடைசியில் வாங்குங்கள். பழையதானால் திருப்பி அனுப்புவார்கள்.

அப்புறம் உச்சரிப்பு. உங்கள் ஆங்கிலம் நன்றாக இருக்கலாம், ஆனால் ஒரு முறை போனில் பதிவு செய்து கேளுங்கள். "எக்ஸாம்" என்பதை "யெக்ஸாம்" என்றும், "ஒன்லி" என்பதை "வோன்லி" என்றும் நாம் சொல்வது நமக்குக் காதிலேயே விழாது. நேர்காணல் செய்பவருக்கு முதல் நிமிடத்திலேயே விழும். ஒரு மாதம் உட்கார்ந்தால் சரியாகிவிடும். அமெரிக்கக் குரலைப் போலி செய்யாதீர்கள், அது இன்னும் மோசம். வேடிக்கை என்னவென்றால் அங்கே போனபின் உங்கள் பிரச்சினை வேறாக இருக்கும். தாய்லாந்து மொழியில் சொல்லின் கடைசியில் 'ல்' ஒலி கிடையாது, அது 'ன்' ஆகிவிடும். நாற்பத்தைந்து பிள்ளைகள் ஒரே குரலில் "சகூன்" என்பார்கள். ஸ்கூல் என்று அர்த்தம். ஃபுட்பால் "ஃபுத்பான்". எனக்கு டெமோ வகுப்பில் வேலை வாங்கிக் கொடுத்ததே இந்த 'ல்'தான். நாக்கு நுனியை மேல்பல்லுக்குப் பின்னால் ஒட்டி வைத்துக்கொள்ளச் சொல்லி, "ல்ல்ல்ல்" என்று மூச்சு முடியும்வரை யார் இழுப்பது என்று போட்டி வைத்தேன். பின்வரிசை வால்பையன் ஜெயித்தான். இலக்கணம் ஒரு வரிகூட நடத்தவில்லை. துணை முதல்வர் சிரித்துக்கொண்டே எழுந்து போனார், மாலையில் போன் வந்தது.

தாய்லாந்துக் கல்வியாண்டு மே நடுவில் தொடங்குகிறது, ஆள் தேடுவது பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை சூடு பிடிக்கும். இரண்டாம் பருவம் நவம்பரில் தொடங்கும். பாதியில் ஓடிப்போனவர்களின் இடம் அக்டோபரில் காலியாகும், அப்போது பேரம் நம் பக்கம் கொஞ்சம் சாயும். ஒப்பந்தத்தைப் பார்க்கும்போது மாதச் சம்பளத்தை விட்டுவிட்டு எத்தனை மாதச் சம்பளம் என்று பாருங்கள். ஏஜென்சிகள் பத்து மாத ஒப்பந்தம் கொடுத்து ஏப்ரலிலும் அக்டோபரிலும் உங்களைப் பட்டினி போடும். 22,000 பாத்துக்குப் பத்து மாதத்தைவிட 19,000 பாத்துக்குப் பன்னிரண்டு மாதம் மேல். வேலை அனுமதிக்கான கட்டணம் யார் கட்டுவது, வாரம் எத்தனை பீரியட், ஏப்ரல் சம்பளம் உண்டா என்ற மூன்றையும் மின்னஞ்சலில் கேளுங்கள், போனில் வேண்டாம். இரண்டு நாளில் எழுத்தில் பதில் வராவிட்டால் அடுத்த பள்ளிக்கு அனுப்புங்கள் தம்பி.